ரெப்ளிகா காரின் பிரேக் விளக்கு நன்றாகத் தெரிய என்ன செய்வது: டர்பன்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோப்ரா, செவன், ஸ்பீட்ஸ்டர் என்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்து அதே பாணியில் கட்டிய ரெப்ளிகா கார்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் அபூர்வமில்லை. கோப்ரா வகைக் காரைக் கட்டும் தொழிற்சாலை டர்பனிலேயே இருக்கிறது. செவன் வகைக் கார்கள் பைன்டவுன் பக்கம் கட்டப்பட்டவை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று நம் ஆட்கள் வீட்டுக் கராஜிலும் ஒன்றிரண்டைப் பார்க்கலாம். வாங்கியவர்கள் முதலில் இன்ஜினைப் பார்க்கிறார்கள், சக்கரத்தைப் பார்க்கிறார்கள், பெயின்டைப் பார்க்கிறார்கள். பிரேக் விளக்கைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். அதை முதலில் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் எளிது. இந்தக் கார்களின் பின்விளக்கு சின்னது, மனிதரின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பின்னால் வரும் பக்கி (பிக்அப் வண்டி) ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) நெருங்கி வந்து நிற்கும்போது அவருடைய பானட்டே உங்கள் விளக்கை மறைத்துவிடும். என்3 நெடுஞ்சாலையில் உங்களுக்குப் பின்னால் லாரி வந்தால் கேட்கவே வேண்டாம். இடித்தால் வாங்கிக்கொள்ள உங்கள் காரில் பைபர்கிளாஸ் உடம்பைத் தவிர அதிகம் எதுவும் இல்லை. கோப்ராவிலும் செவனிலும் பெட்ரோல் டேங்கும் பின்பக்கம்தான்.

என் காரின் பிரேக் விளக்கு மங்கல் என்று சொன்னபோது கேட்ட இடமெல்லாம் "பிரகாசமான பல்பு போடுங்கள்" என்ற ஒரே பதில்தான் வந்தது. பல்பு விற்றவர்கள் விற்றார்கள். விளக்கு மட்டும் தெளியவில்லை. குறை இருந்தது எர்த் ஒயரிலும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் ஒயர்) சுவிட்சிலும். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பல்புக்குப் போகும் மின்சாரத்தைச் சரி செய்யுங்கள், அப்புறம் பல்பு, அதற்கப்புறம்தான் உயரத்தில் வைக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு. தலைகீழாகப் போனால் காசு போகும், குறை அப்படியே இருக்கும்.

1. எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கூட ஒருவர் வேண்டும், பிரேக்கை மிதித்துப் பிடிக்க.

இன்ஜின் ஓடாத நிலையில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். அந்த எண்ணை எழுதி வையுங்கள். அப்புறம் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, பல்பு எரியும்போதே ஹோல்டரின் பின்புறத்தில் அளந்து பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளந்தால் முழு 12 வோல்ட்டும் காட்டும், எல்லாம் சரி என்று நினைத்துவிடுவீர்கள். மின்சாரம் ஓடும்போதுதான் இழப்பு தெரியும். பல்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இழப்பு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு அளவு எடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து பல்பின் அடித்தொடுமுனை வரை: 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பல்பின் உலோக உடம்பிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனை வரை: 0.2 வோல்ட்டுக்கு மேல் கூடாது. முதலாவது அதிகமானால் சுவிட்ச், பியூஸ், ஒயர் இவற்றில் குறை. இரண்டாவது அதிகமானால் எர்த்.

அரை வோல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேராக இறங்குவதில்லை. அதைவிட மிக வேகமாக இறங்கும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு போய்விடும். இன்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 11.5 கிடைத்தால் வெளிச்சம் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கக்கூடிய வெளிச்சம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2. எர்த் ஒயரைப் புதிதாகப் போடுங்கள்

சாதாரண இரும்புக் காரில் உடம்பே எர்த். பைபர்கிளாஸில் மின்சாரம் போகாது. எனவே ரெப்ளிகாவில் ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயர் தனியாக ஓட வேண்டும். கட்டியவர் அவசரத்தில் பின்பக்கத்து விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே மெல்லிய ஒயரில் கோத்து, அதைச் சேஸியில் ஒரு ஸ்க்ரூவில் மாட்டியிருப்பார். அந்த ஸ்க்ரூவுக்கு அடியில் பெயின்ட் இருக்கும். டர்பன் கடற்காற்றில் கொஞ்ச காலம் நின்ற கார் என்றால் பச்சை பிடித்தும் இருக்கும்.

இதற்கு அடையாளம் உண்டு. பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் லேசாக ஒளிர்கிறதா? இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கும் சேர்ந்து துடிக்கிறதா? மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்பு வழியாகப் போகிறது என்று பொருள். எர்த்தைத் தவிர வேறெங்கும் தேடாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை நேராகப் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து, அல்லது பேட்டரி எர்த் சேஸியில் சேரும் அதே போல்ட்டிலிருந்து, பின்பக்கம் வரை இழுங்கள். பின்னால் ஒரு சின்ன எர்த் கட்டை வைத்து, இடது வலது விளக்குகளுக்குத் தனித்தனி ஒயராகப் பிரியுங்கள். சேஸியில் சேரும் இடத்தில் பெயின்டை உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டுங்கள், பற்களுள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள், மேலே கிரீஸ் தடவுங்கள். முனைகளுக்கு நல்ல கிரிம்ப் கருவி வாங்கிக்கொள்ளுங்கள்; இடுக்கியால் நசுக்கிய முனை மழைக்காலத்தில் கைவிடும்.

வேலை முடிந்ததும் முதல் படியில் எடுத்த அளவுகளை மறுபடி எடுங்கள். பலருக்கு இங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

3. பிரேக் சுவிட்சைச் சோதியுங்கள், ரிலே ஒன்று போடுங்கள்

நிறைய ரெப்ளிகாவில் பிரேக் ஆயில் குழாயிலேயே திருகிய சுவிட்ச் இருக்கும். ஆயிலில் அழுத்தம் ஏறினால்தான் அது வேலை செய்யும். புதிதாக இருக்கும்போது சரி. பழசானால் பலமாக மிதித்த பிறகே விளக்கு எரியும். மெதுவாக வேகம் குறைக்கிறீர்கள், கார் குறைகிறது, பின்னால் எந்த அறிகுறியும் இல்லை. ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் லேசாகப் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்குபவருக்கு இதைவிட ஆபத்து வேறில்லை.

சோதனை: கார் நிற்கும்போது ஒரு விரலால் பெடலை மெல்ல அழுத்துங்கள். பெடலின் வெறும் ஆட்டம் முடிந்து எதிர்ப்பு தொடங்கும் இடத்தில் விளக்கு எரிய வேண்டும். அதைத் தாண்டி அழுத்த வேண்டியிருந்தால் சுவிட்ச் தாமதம். பெடலில் மாட்டும் சாதாரண சுவிட்ச்சுக்கு மாறிவிடுங்கள் என்பதே என் கருத்து. ஒரு சின்ன எல் வடிவத் தகடு போதும், எந்தப் புள்ளியில் எரிய வேண்டும் என்பதை நீங்களே திருகி வைத்துக்கொள்ளலாம். குழாய்ச் சுவிட்சைக் கழற்றினால் அந்த ஓட்டையைச் சரியான திருகுள்ள அடைப்பால் மூடி, பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றியாக வேண்டும். பிரேக் வேலை தெரியாதவர் இதில் கை வைக்க வேண்டாம். குழாய்ச் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, ஒயரை மட்டும் பெடல் சுவிட்ச்சுக்கு மாற்றினாலும் போதும். காரில் சிலிக்கான் வகையான டாட் 5 ஆயில் இருந்தால் ஒரு வார்த்தை: அந்த ஆயிலில் குழாய்ச் சுவிட்ச்சுகள் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது பழைய கார்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை.

அடுத்தது ரிலே, அதாவது கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் அதிக மின்சாரத்தை ஓடவிடும் சுவிட்ச். 21 வாட் பல்பு ஒன்று 1.75 ஆம்பியர் இழுக்கிறது. இரண்டுக்கு 3.5. மூன்றாவது விளக்கும் இழை பல்பானால் 5-ஐத் தாண்டும். இவ்வளவும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகப் போனால் உள்ளே தொடுமுனை கருகும். கருகக் கருக வோல்ட் குறையும். ரிலே போட்டால் சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயை இழுக்கும் சொற்ப மின்சாரம்தான்.

இணைப்பு எளிது, எண்கள் ரிலேயிலேயே அச்சிட்டிருக்கும். 30-க்குப் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் பியூஸ் வழியாக ஒயர். 87-இலிருந்து பிரேக் விளக்குகளுக்கு. 86-க்குப் பிரேக் சுவிட்ச்சிலிருந்து வரும் பழைய ஒயர். 85-க்கு எர்த். விளக்குக்குப் போகும் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். பியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்; ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் பியூஸுக்கு முன்னால் இருக்கும் நீளம்தான் எரியும். பைபர்கிளாஸ் தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

ரிலேயால் ஒரு புது ஆபத்தும் வருகிறது: அது செத்தால் எல்லாப் பிரேக் விளக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். எனவே சாக்கெட்டில் செருகும் வகையை வாங்கி, கையெட்டும் இடத்தில் வைத்து, இன்னொன்றை டேஷில் போட்டு வையுங்கள்.

4. ஹோல்டர், உள்தகடு, லென்ஸ்

ஹோல்டரில் துரு இருந்தால் மாற்றுங்கள், சுரண்டிப் பிழைக்க வைக்க வேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் பளபளப்புத் தகடு உப்புக்காற்றில் மங்கியிருக்கும். அலுமினிய டேப் ஒட்டலாம், அல்லது பளபளக்கும் வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம். வெயிலில் வெளுத்த லென்ஸைப் பிளாஸ்டிக் பாலிஷால் தேய்த்துப் பாருங்கள். பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. லென்ஸ் முழுக்கச் சின்னச் சின்ன விரிசல் விழும். மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் ரப்பரை மாற்றுங்கள். சிலிக்கான் பூசுவதானால் காடி வாசனை அடிக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். வாசனை அடிப்பது செம்பை அரிக்கும்.

5. பல்பு

இப்போதுதான் பல்புக்கு வருகிறோம்.

ஒரே லென்ஸில் டெயிலும் பிரேக்கும் சேர்ந்திருந்தால் உள்ளே 21/5 வாட் பல்பு இருக்கும். 5 வாட் இழை டெயிலுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. ரெப்ளிகாவில் நான் அடிக்கடி பார்க்கும் குறை, இந்த இரண்டு ஒயரும் இடம் மாறியிருப்பது. பல்பின் காதுகள் உயரம் மாறி இருப்பதால் பல்பைத் தப்பாகச் செருக முடியாது. ஆனால் ஹோல்டருக்கு வரும் ஒயரை மாற்றிக் கொடுக்க யாராலும் முடியும். அப்படி மாறினால் பகலில் பிரேக் மிதிக்கும்போது 5 வாட்தான் எரியும். இரவில் 21 வாட் முன்பே எரிந்துகொண்டிருக்கும், மிதித்தால் அதோடு 5 சேரும், எவர் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஹெட்லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதித்து விட்டு, வெளிச்சம் பல மடங்கு எகிறுகிறதா என்று பாருங்கள். எகிறவில்லை என்றால் ஒயரை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. செலவே இல்லை.

இந்த வித்தியாசம்தான் பிரேக் விளக்கின் உயிர். ஐரோப்பிய விதிப்படி டெயில் விளக்கு குறைந்தது 4 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு), பிரேக் விளக்கு குறைந்தது 60 கேண்டெலா. அதாவது 15 மடங்கு. டெயிலையும் பிரகாசமாக்குகிறேன் என்று பெரிய பல்பு போடுபவர் உண்மையில் பிரேக் விளக்கைக் குறைக்கிறார்.

எல்இடிக்கு மாறலாமா? மாறலாம், ஒரு நல்ல காரணமும் உண்டு. இழை பல்பு சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி எடுக்கும். எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் 0.2 நொடி என்பது ஐந்தரை மீட்டர். பின்னால் வருபவருக்கு ஒரு கார் நீளத்தைவிட அதிக இடம் கிடைக்கிறது. ஆனால் வாங்கும்போது நாலு விஷயம் பாருங்கள்.

சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் சிவப்பு எல்இடிதான் போட வேண்டும். வெள்ளை எல்இடியின் வெளிச்சத்தில் சிவப்புப் பங்கு குறைவு, லென்ஸ் மீதியைத் தடுத்துவிடும். கையில் பளீரென்று தெரிந்த பல்பு லென்ஸுக்குள் போனதும் மங்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். முனையில் மட்டும் எல்இடி உள்ள பல்பு நேர் பின்னால் ஒரு புள்ளியாகத் தெரியும், உள்தகடு இருட்டாக இருக்கும். சுற்றிலும் பக்கவாட்டில் எல்இடி உள்ளதை வாங்குங்கள். அதைவிட நல்லது, லென்ஸின் அளவுக்கே வட்டமாக வெட்டிய எல்இடி பலகை. பழைய பிரிட்டிஷ் விளக்குகளுக்கு அப்படிச் செய்து விற்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் கூரியர், சுங்கம், 15 சதவிகித வாட் (VAT) வரி மூன்றையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

டெயிலுக்கும் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடையிலேயே ஒரு பேட்டரியில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மலிவான பல்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். அப்படியானால் இழை பல்பே மேல். 

நாலாவது, இண்டிகேட்டரையும் எல்இடிக்கு மாற்றினால் அது பதறிப்போய் வேகமாகச் சிமிட்டும். சிமிட்ட வைக்கும் ஃப்ளாஷரை எலக்ட்ரானிக் வகைக்கு மாற்றுங்கள். ரெசிஸ்டர் போட்டுச் சரிக்கட்டச் சொல்பவர்கள் உண்டு. அது கைசுடும் அளவுக்குக் கொதிக்கும், பைபர்கிளாஸ் மேல் ஒட்டவே கூடாது.

எல்இடி வேண்டாம், 50 வாட் ஹாலஜன் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லென்ஸ் உருகும்.

6. மூன்றாவது விளக்கு: உயரம்தான் விஷயம்

கீழே இருக்கும் இரண்டு விளக்கையும் எவ்வளவு சரி செய்தாலும் அவை கீழேதான் இருக்கும். நெருங்கி வரும் பக்கிக்கும் மினிபஸ் டாக்ஸிக்கும் தெரிய வேண்டுமானால் மேலே ஒன்று வேண்டும். அமெரிக்காவில் 1986 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் நடுவில் உயரமாக ஒரு பிரேக் விளக்கு கட்டாயம். அது வந்தபின் பின்னாலிருந்து இடிக்கும் விபத்து நீண்ட கால அடிப்படையில் 4.3 சதவிகிதம் குறைந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. அவை சாதாரண உயரமுள்ள கார்களுக்கான கணக்கு. நம்முடையதுபோலத் தரையோடு ஒட்டிய காருக்கு அந்த உயரம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

கோப்ராவிலும் செவனிலும் ரோல்பார் இருந்தால் அதுதான் சிறந்த இடம். குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் வாங்கி அதில் மாட்டுங்கள். ரோல்பாரில் ஓட்டை போடாதீர்கள், ஒயர் போகத்தானே என்று சின்ன ஓட்டைகூட வேண்டாம். கவிழ்ந்தால் உங்கள் தலையைக் காப்பது அந்தக் குழாய்தான். ஒயரைக் குழாயின் முன்பக்கமாக ஒட்டி, கறுப்பு டேப் சுற்றி இறக்குங்கள்.

ரோல்பார் இல்லாத ஸ்பீட்ஸ்டரில் இன்ஜின் மூடியின் மேல் விளிம்பு, காற்றுத் துளைகளுக்குக் கொஞ்சம் மேலே. அங்கே சூடு இருக்கும். சூடு தாங்கும் உறையுள்ள ஒயர் போடுங்கள். மூடி திறந்து மூடும் இடத்தில் ஒயருக்குத் தளர்வாக ஒரு வளைவு விடுங்கள், இல்லையென்றால் கீல் அருகே முறியும். மடக்கும் துணிக்கூரை உள்ள கார் என்றால் கூரை ஏற்றியபோதும் இறக்கியபோதும் விளக்கு மறையாமல் இருக்கிறதா என்று இரண்டு நிலையிலும் பாருங்கள். கூரையை மடக்கி வைத்ததும் விளக்கு அதற்குள் புதைந்துபோகும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது சாதாரணமாக நடக்கிறது.

உடம்பில் ஓட்டை போட வேண்டி வந்தால் மேலே காகித டேப் ஒட்டி, டிரில்லை முதலில் பின்னோக்கிச் சுழலவிட்டு ஜெல்கோட்டை (பைபர்கிளாஸின் மேல்பூச்சு) சீவி, அப்புறம் முன்னோக்கி மெதுவாகத் துளையுங்கள். நேராகத் துளைத்தால் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும்.

விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது லென்ஸில் வட்டத்துக்குள் 'இ' (E) முத்திரையும் அருகே 'எஸ்3' (S3) என்றும் இருக்கிறதா பாருங்கள். நடுவில் உயரமாக வைக்கும் பிரேக் விளக்கு என்று சோதித்து ஏற்றதற்கான குறி அது. இரண்டு பக்க விளக்குகளுக்கு 'எஸ்1' (S1). சாலைக்கு ஏற்றதல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் அலங்காரப் பட்டைகளை வாங்க வேண்டாம்.

இன்னொன்று, மிதித்தால் படபடவென்று சிமிட்டும் தொகுதிகள் விற்கிறார்கள். கண்ணைக் கவரும் என்பது உண்மை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் சிமிட்டும் சிவப்பு விளக்கு ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு உரியது. பிரேக் விளக்கு நிலையாக எரிய வேண்டும். அந்தத் தொகுதிக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல எஸ்3 விளக்கே வாங்கிவிடலாம்.

இணைப்பு ரிலேயின் 87-இலிருந்து. எர்த் நீங்கள் புதிதாக வைத்த கட்டையிலிருந்து. வேறெங்கும் போக வேண்டியதில்லை.

7. வெயிலில் நின்று பாருங்கள்

கராஜுக்குள் எல்லா விளக்கும் நன்றாகத்தான் தெரியும். நம் ஊர் வெயிலில் பாருங்கள். சாதாரண வெயிலில், இயல்பான பார்வையுள்ளவருக்கு 30 மீட்டர் தூரத்தில் தெரிய வேண்டும் என்பது சாலைப் போக்குவரத்து விதி. அது மிகக் குறைந்த எல்லை. நான் 60 மீட்டர் வைத்துக்கொள்கிறேன்.

பிற்பகல் நாலு மணிக்கு மேல் காரின் பின்பக்கத்தை மேற்கே பார்த்து நிறுத்துங்கள். வெயில் நேராக லென்ஸில் விழும், விளக்கு எரியாமலே சிவப்பாகப் பளபளக்கும். அந்த நேரத்தில் மிதித்தால் வித்தியாசம் தெரிகிறதா என்பதே உண்மையான சோதனை. நேர் பின்னாலிருந்து பாருங்கள், அப்புறம் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்று பாருங்கள். முடிந்தால் நண்பரின் பக்கியைப் பின்னால் ஒட்டி நிறுத்தி, அதன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தும் பாருங்கள். குட் ஃபிரைடே அன்று மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வண்டியோடு வண்டி ஒட்டி ஊர்ந்து போகும்போது உங்கள் பின்னால் வருபவர் பார்ப்பது அதைத்தான்.

போனில் வீடியோ எடுத்து முடிவு செய்யாதீர்கள். போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், எல்இடி சிமிட்டாமலே சிமிட்டுவதுபோலக் காட்டும். கண்ணால் பார்ப்பதுதான் கணக்கு.

8. செலவும் நேரமும்

நான் வாங்கியபோது இருந்த விலையை ஒட்டிச் சொல்கிறேன், கடைக்குக் கடை மாறும். ரிலே சாக்கெட்டோடு 100 ரேண்ட் சுமார். ஒயர், முனைகள், பியூஸ் ஹோல்டர் எல்லாம் சேர்த்து 300-க்குள். நல்ல இழை பல்பு ஜோடி 60 முதல் 100. பெடல் சுவிட்ச் 150 முதல் 250. மூன்றாவது விளக்கு 300 முதல் 700. எல்இடி பலகை வெளிநாட்டிலிருந்து வந்தால் எல்லாம் சேர்ந்து 1,500-ஐத் தாண்டலாம்; அது கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் மணிக்கூலி 500-க்குக் குறையாது. பேசும்போது "பிரேக் விளக்கைப் பிரகாசமாக்குங்கள்" என்று சொல்லாதீர்கள், பல்பை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். "பின்பக்க எர்த் புதிதாக வேண்டும், பிரேக்குக்கு ரிலே வேண்டும், முடிந்ததும் பல்பில் வோல்ட் அளந்து காட்ட வேண்டும்" என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எர்த்தும் ரிலேயும் ஒரு சனிக்கிழமை வேலை. மூன்றாவது விளக்குக்கு இன்னொரு அரை நாள். எல்இடி பலகை வரவழைப்பதானால் சில வாரம் காத்திருக்க வேண்டும். அது வரும்வரை காரைப் பிரித்துப் போட்டுவிட வேண்டாம்.

9. காகிதங்கள்

பிரேக் விளக்கைச் சரி செய்வதற்கோ மூன்றாவது விளக்கு வைப்பதற்கோ காரை மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆர்சி1 பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண், வின் (சேஸி) எண், எடை போன்றவை இருக்கும், விளக்கு இருக்காது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் ரோட்வர்தி (சாலைத் தகுதி) சோதனை கிடையாது. ஆண்டுதோறும் கண்ணாடியில் ஒட்டும் லைசன்ஸ் டிஸ்க் வரி கட்டியதற்கானது, கார் நன்றாக இருக்கிறது என்பதற்கானது அல்ல. கார் கைமாறும்போதுதான் சோதனை. நீங்கள் பார்க்காவிட்டால் உங்கள் பிரேக் விளக்கை ஆண்டுக்கணக்கில் எவரும் பார்க்கப் போவதில்லை.

கார் வாங்கும் நிலையில் இருக்கிறீர்கள் என்றால் ரோட்வர்தி சோதனைக்கு முன்பே மேலே சொன்ன முதல் மூன்று படிகளையும் முடித்துவிடுங்கள். விற்பவர் தரும் சான்றிதழை வைத்துப் பெயர் மாற்ற 60 நாள்தான் இருக்கிறது. சோதனையில் விளக்கு தவறினால் சரி செய்து மறுசோதனைக்குக் கொண்டுவரப் பொதுவாக 14 நாள் கொடுப்பார்கள். தோற்ற காரணம் எழுதிய தாளைப் பத்திரமாக வையுங்கள், மறுசோதனைக்கு அதைக் கேட்பார்கள். மாதக் கடைசியில் சோதனை நிலையங்களில் கூட்டம். மாத நடுவில், காலையிலேயே போங்கள். தொழிற்சாலையில் கட்டாமல் வீட்டில் உதிரிகளிலிருந்து கட்டிய கார் என்றால் போலீஸ் கிளியரன்ஸ், எடைச் சான்று, என்ஆர்சிஎஸ் (கட்டாயத் தரவிதிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பு) தந்த அனுமதிக் கடிதம் இவற்றின் நகல் எல்லாம் விற்பவரிடம் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். விளக்கு எவ்வளவு நன்றாக எரிந்தாலும் அந்தக் காகிதங்கள் இல்லாத காரை உங்கள் பெயருக்கு மாற்றுவது பெரும்பாடு.

காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில், விளக்கின் முத்திரை என்ன, பில் நகல், முன்னும் பின்னும் எடுத்த படங்கள். மாற்றத்தைச் சொல்லவில்லை என்றும், கார் சாலைக்கு ஏற்ற நிலையில் இல்லை என்றும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுப்பது நடக்கிற காரியம். சாலை விபத்து நிதியம் காயத்துக்குத்தான் பணம் தரும், காருக்குத் தராது. எனவே காருக்கு உங்கள் பாலிசி ஒன்றுதான் நம்பிக்கை. தொலைபேசியில் சொன்னால் போதும் என்பார்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள், அதை அச்செடுத்து ஆர்சி1 நகலோடு ஒரே கோப்பில் வையுங்கள். பதில் வர ஒரு வாரம் ஆகலாம். அதுவரை என்3 பக்கம் நீண்ட பயணம் போகாமல், ஊருக்குள்ளேயே ஓட்டி விளக்கைப் பழகிப் பாருங்கள்.